ஒக்ஸ்போட்டு நகரத்து ஆண்டு விழாக்கள்

ஒரு நகரத்தை அறிய விரும்புவோர் முதலில் அதன் கட்டடங்களைக் காண்பர். பின்னர் அதன் வரலாற்று நூல்களைப் படிப்பர். இவ்விரண்டாலும் முற்றாகப் புலனாகாத செய்தி ஒன்று உண்டு. அந்நகரத்து மக்கள் ஆண்டுதோறும் எந்நாளில், எவ்விடத்தில், எதன்பொருட்டு ஒன்று கூடுகின்றனர் என்பதே அது. கல்லாற் கட்டிய கோபுரம் பராமரிப்பார் சிறிது அயர்ந்தாலும் தானே நிற்கும். விழா அவ்வாறு நிற்பதன்று. ஒவ்வோராண்டும் அதனை எடுத்து நடத்துவார் வேண்டும். அவர்க்குப்பின் அதனை ஏற்பார் வேண்டும். எனவே, பல நூற்றாண்டுகளாக ஒரு விழா நிலைபெற்றிருக்குமாயின், அத்தனை தலைமுறையினரும் அதனை விரும்பி ஏற்றனர், அல்லது ஏற்குமாறு நிர்ப்பந்திக்கப்பட்டனர் என்பது பெறப்படும். இவ்விரு வகைக்கும் இங்கிலாந்து தேசத்து ஒக்ஸ்போட்டு நகரம் தக்க எடுத்துக்காட்டாகும். அந்நகரத்து விழாக்களுட் சிலவற்றை வரலாற்றோடு சேர்த்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தேம்ஸ் ஆறும் செர்வெல் ஆறும் கூடுமிடத்தில் அமைந்தது ஒக்ஸ்போட்டு. அங்கே 1096ஆம் ஆண்டளவிலேயே கற்பித்தல் நடைபெற்றதற்குச் சான்று உண்டு. இரண்டாம் ஹென்றி மன்னன் 1167இல் ஆங்கில மாணவர் பாரிஸ் நகரிற் பயிலுதலைத் தடுத்தபின் ஒக்ஸ்போட்டுக் கலாசாலை விரைந்து வளர்ந்தது. ஆயின் மாணவர் வருமுன்னரே அங்கு வணிகரும் கைவினைஞரும் வாழ்ந்த ஊர் ஒன்று இருந்தது. ஊரவரும் கலாசாலையாரும் ஒரே மதிலினுள் வாழவேண்டியவராயினர். வாடகை, உணவு விலை, மது, நீதி விசாரணை முதலியன பற்றி அவர்களுக்கிடையே எழுந்த பிணக்குகளை நீக்கிவிட்டு அந்நகரத்து விழாக்களை விளங்கிக்கொள்ளல் இயலாது.

கலாசாலையின் ஆண்டு மூன்று தவணைகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஒக்டோபரில் தொடங்குவது மைக்கல்மஸ் தவணை. ஜனவரியில் தொடங்குவது ஹிலரித் தவணை. ஏப்பிரிலில் தொடங்குவது திரினிற்றித் தவணை. இப்பெயர்கள் கிறிஸ்தவத் திருநாட்களாற் பெற்ற பெயர்கள். ஒவ்வொரு தவணையிலும் கற்பித்தல் நடைபெறுங் காலம் எட்டு வாரமே. நகரத்து விழாக்களிற் பல இத்தவணைகளைத் தழுவி வருவன. சில தவணைக்குப் புறம்பான நாட்களில் வருவன. எவை எப்பொழுது வருகின்றன என்பதைக் கொண்டே அவை யாருடைய விழாக்கள் என்பதை ஓரளவு அறிந்துகொள்ளலாம்.

தண்டமாக வந்த நாட்கள்

ஒக்ஸ்போட்டின் பழைய ஆண்டு நிகழ்ச்சிகளுள் இரண்டு மகிழ்ச்சியிற் பிறந்தவை அல்ல, கொலையிற் பிறந்தவை. 1209ஆம் ஆண்டில் ஒரு பெண் கொலையுண்டாள். குற்றஞ் சாட்டப்பட்டவன் ஓடிவிடவே, அவனோடு தங்கியிருந்த மாணவர் சிலரை ஊரவர் பிடித்துத் தூக்கிலிட்டனர். ஆசிரியரும் மாணவரும் அஞ்சி நகரை விட்டு நீங்கினர். அவர்களுட் சிலர் சென்று சேர்ந்த இடமே கேம்பிரிட்ஜ். அங்குள்ள கலாசாலையின் தொடக்கம் அதுவாகும். 1214இல் பாப்பரசரின் பிரதிநிதி சமாதானம் செய்துவைத்தபோது, ஊரவர்மீது ஒரு தண்டம் விதிக்கப்பட்டது. ஏழை மாணவரின் பொருட்டு ஆண்டுதோறும் 52 ஷில்லிங் கொடுத்தல் வேண்டும். டிசெம்பர் மாதத்துப் புனித நிக்கலஸ் திருநாளில் ஏழை மாணவர் நூற்றுவருக்கு உணவளித்தல் வேண்டும். உணவளித்தல் தருமமே எனினும், இங்கு அது தோற்றவர் செலுத்தும் திறையாக அமைந்தது.

இதனினுங் கொடியது 1355ஆம் ஆண்டு பெப்ரவரி 10ஆம் நாள் நிகழ்ந்தது. அன்று புனித ஸ்கொலாஸ்திக்கா திருநாள். நகரின் நடுவே நான்கு வீதிகள் கூடும் கார்பக்ஸ் என்னும் சந்தியில் ஒரு மதுச்சாலை இருந்தது. அங்கு அருந்திய மாணவர் இருவர், திராட்சை மது நன்றாயில்லை எனக் குறைகூறினர்; மதுச்சாலைக்காரன் கடுஞ்சொற் கூறினான்; மாணவர் மதுவை அவன்மேல் எறிந்தனர். ஊரவர் புனித மார்ட்டின் தேவாலய மணியை அடித்து ஆட்களைத் திரட்டினர். கலாசாலையார் புனித மரியாள் தேவாலய மணியை அடித்துத் தம்மவரைக் கூட்டினர். சுற்றுக் கிராமத்தவரும் ஊரவருக்குத் துணையாக நகருட் புகுந்தனர். கலகம் அடங்கியபோது, மரபுக் கணக்கின்படி, மாணவரில் 63 பேரும் ஊரவரில் ஏறக்குறைய 30 பேரும் மாண்டிருந்தனர்.

மூன்றாம் எட்வேட் மன்னன் கலாசாலையின் பக்கமே நின்றான். சந்தையிற் பாண், மது என்பவற்றின் விலையும் தரமும், நிறைகளும் அளவைகளும் கலாசாலையின் மேற்பார்வைக்கு உட்பட்டன. அம்மட்டோடு நில்லாது, ஆண்டுதோறும் பெப்ரவரி 10ஆம் நாள் நகர முதல்வரும் அறுபதின்மருக்கு மேற்பட்ட நகரத்தாரும் புனித மரியாள் தேவாலயத்துக்கு வந்து, இறந்த மாணவருக்காக நடைபெறும் வழிபாட்டிற் கலந்து, ஆளுக்கு ஒரு பென்னி காணிக்கை வைத்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. பென்னி சிறிய காசுதான். ஆயின் அதனைக் கொண்டுவந்து கொடுக்கும் நகர முதல்வரின் நிலையை நினைத்துப் பார்த்தல் வேண்டும். கலகத்தைக் கண்ணாற் கண்டவர் இறந்தனர். அவர்தம் பேரரும் இறந்தனர். கத்தோலிக்க வழிபாட்டு முறையே அந்நாட்டில் மாறிற்று. ஆனால் அந்தக் காசு மாறவில்லை. தாம் செய்யாத குற்றத்துக்கு நகரத்தார் ஏறக்குறைய 470 ஆண்டுகள் தலைவணங்கினர். 1825ஆம் ஆண்டிலே நகர முதல்வர் ஒருவர் இனிப் போவதில்லை என மறுத்தார். அத்துடன் அவ்வழக்கம் ஒழிந்தது.

கதை அங்கு முடியவில்லை. கலகம் நிகழ்ந்து 600 ஆண்டு நிறைந்த 1955 பெப்ரவரி 10ஆம் நாளன்று இருசாராரும் மீண்டும் கூடினர். கலாசாலை நகர முதல்வருக்குக் கௌரவப் பட்டம் வழங்கிற்று. நகரம் உபவேந்தரைத் தன் கௌரவக் குடிமகனாக ஏற்றது. முன்பு ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்கினர்; இப்பொழுது இருவரும் கொடுத்தனர், இருவரும் வாங்கினர். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டு, இன்றும் நிலவும் விழாக்களை நோக்குவோம்.

மே மாதத்து வைகறை

இவற்றுள் முதலில் வைத்து எண்ணத்தக்கது மே மாதம் முதலாம் நாள் அதிகாலையில் நிகழ்வது. மக்டலன் என எழுதி மோட்லின் என உச்சரிக்கப்படும் கல்லூரி 1458இல் நிறுவப்பட்டது. செர்வெல் ஆற்றின்மீதுள்ள பாலத்தை அடுத்து அக்கல்லூரியின் மணிக்கோபுரம் 144 அடி உயர்ந்து நிற்கின்றது. காலை ஆறு மணி அடித்ததும், கல்லூரிப் பாடகர் குழுவினர் அக்கோபுரத்தின் உச்சியில் நின்று இலத்தீன் துதிப்பாடல் ஒன்றைப் பாடுவர். பதினேழாம் நூற்றாண்டில் அக்கல்லூரியைச் சேர்ந்த தோமஸ் சிமித் என்பார் இயற்ற, பெஞ்சமின் றொஜர்ஸ் என்பார் இசையமைத்த பாடல் அது. கீழே பாலத்திலும் பெருவீதியிலும் ஆயிரக்கணக்கானோர் நிற்பர். இரவு முழுதும் உறங்காது களியாட்டயர்ந்த மாணவரும், சிறுவரைத் தோளிற் சுமந்துவந்த ஊரவரும் அக்கூட்டத்தில் ஒருங்கு கலந்து நிற்பர். பாடல் தொடங்கியதும் அத்தனை பேரும் வாய்மூடி நிற்பதே அந்நாளின் சிறப்பு. பாடல் முடிந்தபின் மணிகள் ஒலிக்கும். அம்மணிகளின் வேகத்தாற் கோபுரமே சற்று அசையும். அதன்பின் வீதிகளில் காலிற் சதங்கை கட்டிக் கைக்குட்டை வீசி ஆடும் மொறிஸ் என்னும் நாட்டுக் கூத்து நிகழும். சிற்றுண்டிச்சாலைகள் விடியற்காலையிலேயே திறந்திருக்கும்.

இவ்விழா இன்றுள்ள வடிவத்திலேயே தொன்றுதொட்டு வந்தது எனக் கருதுதல் தவறு. பதினெட்டாம் நூற்றாண்டில் அது கோபுரத்தின்மேல் நெடுநேரம் நிகழ்ந்த இசைக் கச்சேரியாக இருந்தது. பின்னர் அது சுருங்கிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கல்லூரியைச் சேர்ந்த புளொக்ஸம் என்னும் அறிஞர் பாடகருக்கு வெள்ளங்கி அணிவித்து, அதனை வழிபாட்டுக்குரிய ஒழுங்கில் அமைத்தார். ஹோல்மன் ஹண்ட் என்னும் ஓவியர் 1888இற் கோபுரத்தில் ஏறி நின்று அக்காட்சியைத் தீட்டத் தொடங்கினார். அவ்வோவியத்தின் ஓரத்திலே பார்சி ஒருவரையும் அவர் நிறுத்தியுள்ளமை கருதத்தக்கது. ஞாயிற்றை வணங்குதல் ஒரு சமயத்தார்க்கு மட்டும் உரியதன்று என்னும் எண்ணம் அவருள்ளத்தில் இருந்தது போலும்.

பழைமை வாய்ந்த விழாவாயினும் அதற்கும் இடர் வந்ததுண்டு. பாலத்திலிருந்து ஆற்றிற் குதிக்கும் வழக்கம் மாணவரிடையே தோன்றிற்று. 2005ஆம் ஆண்டிலே நீர் குறைந்திருந்தபோது பலர் குதித்துக் காயமுற்றனர். ஆதலின் அடுத்துவந்த ஆண்டுகளிற் பாலம் மூடப்பட்டது. 2020ஆம் ஆண்டிலே கொள்ளைநோய் காரணமாக வீதியில் ஒருவருங் கூடவில்லை. எனினும் விழா மறக்கப்படவில்லை; மக்கள் மீண்டும் அங்கே கூடினர். தண்டத்தினால் வந்த நாளை நகர முதல்வர் ஒருவரின் மறுப்பு ஒழித்துவிட்டது; விருப்பினால் வந்த நாளைக் கொள்ளைநோயாலும் ஒழிக்க முடியவில்லை.

எல்லைக் கற்களை அடித்தல்

உயிர்த்த ஞாயிற்றின் பின் வரும் நாற்பதாம் நாள் கிறிஸ்து விண்ணகம் ஏறிய திருநாளாகக் கொண்டாடப்படுவது. அந்நாளில் வடவாயிற் புனித மிக்கேல் தேவாலயத்தைச் சேர்ந்தோர், குருமார் முன்செல்ல, நீண்ட கழிகளை ஏந்தித் தம் பங்கின் எல்லையைச் சுற்றி வருவர். ஒவ்வோர் எல்லைக் கல்லிலும் சோக்கினாற் சிலுவைக் குறியும் ஆண்டும் எழுதி, கல்லைக் கழிகளால் அடிப்பர். நிலப்படங்கள் அரிதாயிருந்த காலத்தில், தம் எல்லை இன்னது எனப் பொதுமக்கள் அறிந்துவைத்தற்குக் கண்ட வழி இது. முதியோர் இறந்துபடினும் நினைவு அழியாதிருத்தற்பொருட்டுச் சிறுவரையே முன்வைத்து நடத்துவது வழக்கம். முற்காலத்தில் எல்லைக் கல்லருகே அச்சிறுவரையே அடிப்பதும் உண்டு. வலி மறவாதாகலின் இடமும் மறவாது என்பது அவர் கருத்து. இக்காலத்தில் கல் மட்டுமே அடிபடுகின்றது.

இதிற் சுவையான செய்தி யாதெனில், நகரம் மாறினும் எல்லை மாறாமையே. கற்கள் நின்ற இடங்களில் இன்று கடைகளும் கல்லூரிச் சுவர்களும் எழுந்துள்ளன. ஊர்வலத்தார் அவற்றைச் சுற்றிப் போவதில்லை. கடைக்குட் புகுந்து, பொருள் வாங்குவோர் வியந்து நோக்க, தமக்குரிய கல்லை அடித்துவிட்டே வெளியேறுவர்.

அதே நாளில் லிங்கன் கல்லூரிக்கும் பிறேஸ்நோஸ் கல்லூரிக்கும் இடையேயுள்ள சிறு கதவு திறக்கப்படும். பிறேஸ்நோஸ் கல்லூரியார் அவ்வழியே வந்து, லிங்கன் கல்லூரியார் அளிக்கும் பியர் மதுவை அருந்துவர். அதற்கு ஒரு கதை சொல்வர். முன்னொருகால் ஊரவர் துரத்திவந்த பிறேஸ்நோஸ் மாணவன் ஒருவன் லிங்கன் கல்லூரி வாயிலைத் தட்டினான், கதவு திறக்கப்படவில்லை, அவன் கொல்லப்பட்டான். அப்பழிக்கு ஈடாகவே ஆண்டிற்கு ஒருமுறை கதவு திறக்கப்படுகின்றது என்பது கதை. அம்மதுவில் ஐவி என்னும் கொடியின் இலையை இட்டுச் சுவையைக் கெடுத்துக் கொடுப்பதும் வழக்கம். இல்லையெனில் விருந்தினர் அளவுமீறி அருந்துவர் என்பது அதற்குக் காரணமாகக் கூறப்படும். கதை மெய்யோ பொய்யோ, தண்டம் என்பது நகைச்சுவையாகக் கனிந்துவிட்டமை இதிற் காணக்கிடக்கின்றது. பெப்ரவரி 10ஆம் நாளின் காசு அவ்வாறு கனியவில்லை.

ஆற்றின்மேல் நான்கு நாட்கள்

திரினிற்றித் தவணையின் ஐந்தாம் வாரத்தில், மே மாத இறுதியளவில், கல்லூரிகளுக்கிடையிலான வள்ளப் பந்தயம் நான்கு நாட்கள் நடைபெறும். வள்ளம் ஒன்றில் துடுப்பு வலிப்போர் எண்மர். சுக்கான் பிடிப்பவர் ஒருவர். தேம்ஸ் ஆறு ஒக்ஸ்போட்டில் ஐசிஸ் எனப்படும். அங்கே ஆறு ஒடுங்கியதாகலின் வள்ளங்கள் பக்கம் பக்கமாக ஓட இயலாது. ஆகவே வேறொரு முறையைக் கண்டனர். பன்னிரண்டு அல்லது பதின்மூன்று வள்ளங்கள், ஒன்றன்பின் ஒன்றாக, ஏறத்தாழ ஒன்றரை வள்ள நீளம் இடைவெளிவிட்டு நிற்கும். வேட்டொலி கேட்டதும் எல்லாம் ஒருங்கே புறப்படும். ஒவ்வொன்றும் தனக்கு முன்செல்வதை எட்டி இடித்தற்கு முயலும். பின்வருவது தன்னை இடியாவண்ணம் தப்பவும் முயலும். இடித்தது மறுநாள் ஓரிடம் முன்னேறும். இடிபட்டது ஓரிடம் பின்தள்ளப்படும். நான்கு நாட்களும் இடித்து முன்னேறிய வள்ளத்தார் தம் பெயர் பொறித்த துடுப்பைப் பரிசாகப் பெறுவர். இறுதியில் முதலிடத்தில் நிற்கும் வள்ளத்துக்குரிய கல்லூரி ஆற்றின் தலைமை பெற்றது எனப்படும். 1815இல் பிறேஸ்நோஸ் கல்லூரியும் ஜீசஸ் கல்லூரியும் போட்டியிட்டமையே இப்பந்தயத்தின் முதற் செய்தியாகக் கிடைக்கின்றது.

இப்பந்தயத்தின் விதிகளுள் ஒன்று எம் சிந்தனைக்கு உரியது. முதல்நாள் வள்ளங்கள் எவ்வரிசையில் நிற்க வேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானிப்பதில்லை. சென்ற ஆண்டு எவ்வரிசையில் முடிந்ததோ அவ்வரிசையிலேயே இவ்வாண்டு தொடங்கும். துடுப்பு வலித்தோர் கல்லூரியை விட்டு நீங்கியிருப்பர், புதியோர் அமர்ந்திருப்பர், ஆயினும் முன்னையோர் விட்ட இடமே பின்னையோர் தொடங்கும் இடம். முன்னோர் ஈட்டிய புகழிலும் அவர் அடைந்த தோல்வியிலும் பின்னோர்க்குப் பங்குண்டு. ஆயின் அவ்விடத்திலேயே கிடக்க வேண்டும் என்பது விதியன்று. நான்கு நாட்களில் முன்னேறுதற்கு வழி திறந்தேயிருக்கின்றது. ஸ்கொலாஸ்திக்கா திருநாளில் நகர முதல்வர்கள் பெற்ற முதுசொத்தில் இந்த வழி அடைக்கப்பட்டிருந்தது. எத்தனை தலைமுறை வணங்கினும் அவர்கள் நின்ற இடம் மாறவில்லை.

பட்டமளிப்புப் பெருவிழா

தவணை முடிந்தபின், ஒன்பதாம் வாரத்துப் புதன்கிழமையில், என்சீனியா என்னும் பெருவிழா நடைபெறும். புதுப்பித்தல், அர்ப்பணித்தல் என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல் அது. முற்காலத்திற் பட்டமளிப்பு நிகழ்ச்சிகள் புனித மரியாள் தேவாலயத்திலேயே நிகழ்ந்தன. அங்கே அறிவுரையோடு அங்கதமும் ஆரவாரமும் கலந்து வந்தன. வழிபாட்டுக்குரிய இடத்தில் இவை தகா எனக் கருதிய பேராயர் கில்பேட் ஷெல்டன், தனி மண்டபம் ஒன்றுக்குப் பொருள் உதவினார். அக்காலத்தில் வானியற் பேராசிரியராயிருந்த கிறிஸ்ரோபர் றென் அதனை அமைத்தார். 1669இற் திறக்கப்பட்ட ஷெல்டோனியன் மண்டபம் அதுவே.

விழா நாளன்று உபவேந்தரும், கல்லூரித் தலைவர்களும், கௌரவப் பட்டம் பெறுவோரும் முதலில் ஒன்றுகூடிச் சிற்றுண்டி அருந்துவர். 1721இல் மறைந்த டர்ஹம் மேற்றிராணியார் குறூ பிரபு விட்டுச்சென்ற கொடையினின்று அது அளிக்கப்படுவது. பின்னர் செவ்வங்கிகள் ஒளிர வீதிவழியே ஊர்வலமாகச் செல்வர். மண்டபத்திலே பொது உரைஞர் என்னும் அதிகாரி, பட்டம் பெறும் ஒவ்வொருவரையும் இலத்தீன் மொழியில் அறிமுகஞ் செய்வர். 1907ஆம் ஆண்டு விழாவில் மார்க் ருவெயின், கிப்ளிங், சிற்பி றொடின் ஆகியோர் பட்டம் பெற்றனர்.

இந்த மண்டபத்தின் கதவும் எல்லார்க்கும் ஒருங்கே திறந்ததன்று. பெண்கள் நாற்பதாண்டுகளாக ஒக்ஸ்போட்டிற் பயின்றும் தேர்வெழுதியும் பட்டம் பெறாதிருந்தனர். 1920ஆம் ஆண்டு ஒக்டோபரிலேயே அவர்களுக்கு முதன்முறையாகப் பட்டம் வழங்கப்பட்டது. மற்றொரு நிகழ்ச்சியும் நினைக்கத்தக்கது. 1940 ஓகஸ்ட் 7ஆம் நாள், மகாகவி இரவீந்திரநாத தாகூருக்குக் கௌரவப் பட்டம் அளித்தற்பொருட்டு, அவர் முதுமையுற்று நோயுற்றிருந்தமையின், கலாசாலை தன் சபையைச் சாந்திநிகேதனத்திலேயே கூட்டிற்று. அப்பொழுது ஒக்ஸ்போட்டிற் கீழைத்தேயச் சமயங்களுக்குப் பேராசிரியராயிருந்த இராதாகிருஷ்ணன் அச்சபையிற் கலாசாலையின் சார்பில் அமர்ந்தார். இலத்தீனிற் கூறிய வாழ்த்துக்குத் தாகூர் வடமொழியில் மறுமொழி கூறினார். தன் மண்டபத்தை விட்டு வெளியே சென்றும் தன் மரபைக் காத்தல் கூடும் என்பதற்கு இது சான்று.

ஊரவரின் சந்தை

இதுகாறுங் கூறியவற்றுட் பல கலாசாலையைச் சார்ந்தவை. செப்டெம்பர் மாதத் தொடக்கத்தில், மாணவர் விடுமுறையில் நீங்கியிருக்கும்போது, ஊரவர் தமக்கே உரிய விழாவை நடத்துவர். புனித ஜைல்ஸ் திருநாள் செப்டெம்பர் முதலாந் தேதி. அதன்பின் வரும் முதல் ஞாயிற்றை அடுத்த திங்களும் செவ்வாயும் சந்தை நாட்கள். நகரின் வடக்கேயுள்ள அகன்ற புனித ஜைல்ஸ் வீதி அவ்விரு நாட்களும் வண்டிப் போக்குவரத்துக்கு மூடப்படும். பங்குத் திருநாளாய்த் தொடங்கியது, விளையாட்டுப் பொருட்கள் விற்குஞ் சந்தையாகி, நீராவியால் இயங்கும் சுழல் இராட்டினங்கள் வந்தபின் கேளிக்கைச் சந்தையாயிற்று. ஆரவாரமும் குடியும் மிகுந்தன எனக் கூறி அதனை நிறுத்துமாறு பத்தொன்பதாம் நூற்றாண்டிற் சிலர் கோரினர். கோரிக்கை நிறைவேறவில்லை. அமைதியான கல்லூரிச் சுவர்களுக்கும் நினைவுச் சின்னங்களுக்கும் இடையே, இரண்டு நாட்கள், இராட்டினங்கள் மரக்கிளைகளின் உயரத்துக்கும் மேலாகச் சுழலும். மூன்றாம் நாட் காலையில் வீதி முன்போலாகிவிடும். கலாசாலையால் உலகம் அறிந்த அந்நகரம், அவ்விரு நாட்களும் தன் பழைய ஊரவருக்கே உரியதாகின்றது.

குளிர்காலத்து விருந்துகள்

மாரிக்காலத்திற் குயின்ஸ் கல்லூரியில் நிகழும் இரண்டு வழக்கங்கள் புகழ்பெற்றவை. பிலிப்பா அரசியாரின் குருவாயிருந்த றொபேட் எகிள்ஸ்பீல்ட் என்பார் 1341இல் அக்கல்லூரியை நிறுவினார். கிறிஸ்மஸ் காலத்தையொட்டி அங்கே காட்டுப்பன்றித் தலை ஊர்வலம் நடைபெறும். பாடகர் முன்செல்ல, அலங்கரித்த பன்றித் தலையைத் தட்டிலேந்தி மண்டபத்துட் கொண்டுவருவர். முன்னொருகால் அரிஸ்ரோட்டிலின் நூலைப் படித்துக்கொண்டு காட்டிலே சென்ற மாணவன் ஒருவனைப் பன்றி தாக்கிற்றாம். அவன் அந்நூலையே அதன் வாயில் திணித்துக் கொன்றானாம். கடினமான நூல்கள் உயிர்காக்கவும் உதவும் என்பதற்கு வேறு சான்று வேண்டா. புலாலுண்ணாத எம்மவர்க்கு அவ்விருந்து ஏலாதாயினும், அக்கதையை எம் மாணவர் மறுக்கமாட்டார்.

இவ்விருந்து கௌடி எனப்படும் வகையைச் சேர்ந்தது. மகிழ்ச்சி என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லிற் பிறந்தது அப்பெயர். கல்லூரியை விட்டு நீங்கிய பழைய மாணவர் மீண்டும் வந்து தாம் பயின்ற மண்டபத்தில் ஒருங்கிருந்து உண்ணும் விருந்துக்கே அப்பெயர் வழங்குகின்றது.

புத்தாண்டு நாளில் அதே கல்லூரியில் மற்றொரு வழக்கம் உண்டு. கல்லூரிப் பொருளாளர் விருந்தினர் ஒவ்வொருவருக்கும் நிறநூல் கோத்த ஊசி ஒன்றை அளித்து, இதனைப் பெற்றுச் சிக்கனமாய் வாழ்க என வாழ்த்துவர். பிரெஞ்சு மொழியில் ஊசி, நூல் என்னும் சொற்களைச் சேர்த்துக் கூறின், நிறுவனரின் பெயர் போல ஒலிக்கும். சிலேடையாற் பிறந்த இவ்வழக்கத்தினால் அவர் பெயர் ஆறு நூற்றாண்டுக்கு மேலாக நினைக்கப்பட்டுவருகின்றது. கற்சிலை எழுப்புதலினும் ஓர் ஊசி மலிவானது. நினைவை நிறுத்துவதில் அது சிலைக்குக் குறைந்ததுமன்று.

ஆண்டுக்கு ஒருமுறையன்றி நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் நிகழ்ச்சியும் அந்நகரில் உண்டு. ஓல் சோல்ஸ் கல்லூரியார், மரத்தாற் செய்த வாத்து ஒன்றைக் கழியில் ஏந்தி, பந்தம் பிடித்துப் பாட்டிசைத்து இரவிலே ஊர்வலம் வருவர். 2001ஆம் ஆண்டில் அது நிகழ்ந்தது. அடுத்தது 2101இல் நிகழவேண்டும். ஒருமுறை கண்டவர் மறுமுறை காண்பது அரிது. தாம் காணாத நாளுக்காக ஒரு வழக்கத்தைக் காத்துக் கையளிப்பவர் உளர் என்பதே அதிலுள்ள வியப்பு.

முடிவுரை

ஒக்ஸ்போட்டுக்கும் தமிழுக்கும் உள்ள தொடர்பை ஈண்டு மறத்தலாகாது. தமிழ்நாட்டிற் பலகாலம் வாழ்ந்த போப்பையர் 1884இல் அங்கே தமிழும் தெலுங்கும் கற்பிக்கும் ஆசிரியரானார். அவர்தம் நாலடியார் மொழிபெயர்ப்பு 1893இலும் திருவாசக மொழிபெயர்ப்பு 1900இலும் அந்நகரத்து அச்சகத்திலிருந்தே வெளிவந்தன. 1908இல் மறைந்த அவர் அங்குள்ள புனித செபல்கர் சேமக்காலையில் அடக்கஞ் செய்யப்பட்டார். அவர் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் அன்பரும் சேர்ந்து வைத்த கல் அவ்விடத்தில் நிற்கின்றது. தன் சமயமல்லாத சமயத்தின் திருப்பாடலை முதுமையிலும் முயன்று பெயர்த்த ஒருவருக்கு, அவர் சமயத்தைச் சாராதோரும் சேர்ந்து வைத்த கல் அது. நினைவை எவ்வாறு பேணுதல் வேண்டும் என்பதை அதுவும் உணர்த்துகின்றது.

கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். ஒக்ஸ்போட்டார் பழையன யாவற்றையும் காத்தனர் என்பது பொருந்தாது. ஒரு பகுதியார் மற்றப் பகுதியாரைத் தாழ்த்துதற்கென்று அமைந்த நாள், அரசாணையும் சமய ஆணையும் துணைநின்றும், இறுதியிற் கைவிடப்பட்டது. கோபுரத்தடியில் எல்லாரும் ஒருங்கு நின்று கேட்கும் பாடல், ஆணை எதுவுமின்றியே வாழ்கின்றது. மே மாதத்துப் பாடலும் மாறிற்று. எல்லை அடிக்கும் முறையும் மாறிற்று. பட்டமளிப்பு மண்டபமும் புதியோர்க்குத் திறந்தது. மாறியவையே நிலைத்தன. மாற மறுத்த தண்டம் மறைந்தது.

ஜயந்தி கொண்டாடும் கல்லூரியின் மக்களாகிய நாமும் பல நாட்களை முன்னோரிடமிருந்து பெற்றுள்ளோம். பரிசளிப்பு நாளும், விளையாட்டுப் போட்டி நாளும், நிறுவனர் நினைவு நாளும் அத்தகையன. அவற்றை நடத்தும்போது, இந்நாள் எம்மவர் யாரையேனும் வாயிலுக்குப் புறத்தே நிறுத்துகின்றதா, அல்லது உள்ளே அழைக்கின்றதா என ஆண்டுக்கு ஒருமுறையேனும் வினாவுதல் நன்று. ஐசிஸ் ஆற்றின் வள்ளத்தைப்போல, முன்னையோர் விட்ட இடத்திலேயே நாம் தொடங்குகின்றோம். அடுத்து வருவோர் தொடங்கும் இடம் எதுவென்பது, நாம் துடுப்பை எவ்வாறு வலிக்கின்றோம் என்பதைப் பொறுத்தது.